ஐப்பசிக்கு முன் ஒரு கூரை

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் கரிசல் பக்கத்தில் அந்தக் காலத்தில் இரண்டு வேலை தவறாமல் நடக்கும். ஒன்று, காட்டில் விதைப்புக்கு நிலத்தை ஒதுக்கி வைப்பது. இன்னொன்று, வீட்டுக் கூரையைப் பார்ப்பது. ஓலை வீட்டுக்காரர் பனை ஓலை வாங்கி மேய்வார். ஓட்டு வீட்டுக்காரர் உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு சொருகுவார். காரை வீட்டுக்காரர் மெத்தையில் ஏறி வெடிப்புகளுக்குச் சுண்ணாம்பு பூசுவார். குளிர் நாட்டுக்காரர்கள் பனி விழுமுன் கூரையைச் சரி பார்ப்பார்களாம். நமக்குப் பனி ஏது? ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் நமக்குக் குளிர்காலம்.

இந்த வருஷமும் புரட்டாசி வந்துவிட்டது. பழைய ஓட்டு வீடு வைத்திருக்கும் நாலைந்து பேர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்கிறார்கள். "போன வருஷம் ஊர்ல உங்க வீட்டுக்குத் தகரம் போட்டீகளே, எப்படி இருக்கு?" ஒவ்வொருத்தருக்கும் டீக்கடையில் நின்று சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் எல்லாருக்கும் ஆகும். ஒரு கதவை வைத்துக் கதை எழுத நம் இடைசெவலில் கி.ரா. இருந்தார். கூரைக்கு நம்மைப் போன்ற ஆட்கள்தான்.

வீடு கழுகுமலை ரோட்டில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. 1958-ல் அப்பா கட்டியது. கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிய சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. நீளம் 24 அடி, அகலம் 15 அடி. பனங்கைச் சட்டம், மங்களூர் ஓடு, முன்னால் ஒரு திண்ணை. அத்தான் காலமான பிறகு அக்கா அங்கே தனியாக இருக்கிறாள். போன வருஷம் அவளுக்கு 76 வயசு. நான் கோவில்பட்டியில் இருக்கிறேன். தம்பி கோயம்புத்தூரில். அப்பா உயில் எழுதவில்லை. ஆகவே வீடு மூன்று பேருக்கும் பொது.

2023 டிசம்பர் 17-ஐ நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியிலும் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. வருஷம் முழுக்கப் பெய்தாலே 60, 70 சென்டிமீட்டர் தேறுகிற பூமி இது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனதால் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றதையும், பயணிகள் அங்கேயே மாட்டிக்கொண்டதையும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

அந்த ராத்திரி அக்கா வீட்டுக்குள் ஒழுகாத இடம் என்று இருந்தது அரிசிப் பானை இருக்கும் மூலை மட்டும்தான். பானையைத் தள்ளி வைத்துவிட்டு அந்த மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாளாம். போன் எடுக்கவில்லை. பஸ் இல்லை. இரண்டு நாள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது மேற்குச் சுவர் அடி வரைக்கும் ஊறி, தொட்டால் விரல் பதிந்தது. ஓடுகளில் பாதி மயில் உலாத்தி உடைத்தவை. மயில் இப்போது நம் ஊர்களில் கோழி மாதிரி ஆகிவிட்டது, கூரைக்கு அதை விடப் பெரிய எதிரி கிடையாது. அவசரத்துக்கு நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டினோம். அந்தத் தார்ப்பாயோடு ஒரு கோடை போயிற்று. ஆடிக் காற்றில் அது கிழிந்து கொடி மாதிரி பறந்தது.

அதற்குள் தம்பி போனில் சொன்னான். "அண்ணே, அந்த வீட்டுக்கு இனிமே செலவு பண்றது வீண். இடத்தை வித்துருவோம். அக்காவை உங்க கூட வச்சுக்கோங்க, என் பங்குல ஒரு தொகை அக்காவுக்குக் குடுத்துருதேன்." கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. தனியாக இருக்கிற பொம்பளைக்கு ராத்திரி ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்பதுதான் அவன் கவலை. நான் அதை அக்காவிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் அடுப்பில் இருந்ததைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கோவில்பட்டியில உங்க வீட்டுல நான் எந்திரிச்சா எங்க போய் உக்காருவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

நம் பக்கத்து மண்வீடு சுவரிலிருந்து இடிவதில்லை, கூரையிலிருந்துதான் இடியும். மேலே மூடியிருக்கும் வரை மண்சுவர் அறுபது வருஷமும் நிற்கும். கூரை திறந்துவிட்டால் இரண்டு மழைக்காலம் போதும். சுவர் கரைந்து மேடாகிவிடும், மூன்றாம் வருஷம் அதில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கும். எந்த ஊருக்குள் போனாலும் அப்படி நாலு மனை கிடக்கும். ஒரு காலத்தில் அவற்றுக்கும் திண்ணை இருந்தது, ஆள் இருந்தது. ஆகவே தகரமா ஓடா என்று பேசினோமே தவிர, உண்மையில் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது அக்கா அந்த ஊரில் இருப்பாளா இல்லையா என்பதை.

முதலில் எல்லாரும் சொன்னது கான்கிரீட். நம் ஊரில் மெத்தை வீடு என்றால் ஒரு மரியாதை. ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்ற என் சம்பந்தியைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கடப்பாரையால் வெளியே ஒரு முழம் தோண்டிப் பார்த்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொன்னார்.

"சம்மந்தி, நாலு இஞ்ச் கான்கிரீட் சதுர அடிக்கு 23, 24 கிலோ. உங்க வீட்டுக்கு மொத்தம் எட்டரை டன் வரும். மங்களூர் ஓடு ஒண்ணு ரெண்டரை கிலோன்னா, இந்தக் கூரையில இருக்கிற எழுநூறு ஓட்டுக்கும் ஒண்ணே முக்கால் டன்தான். நல்ல தகரம் சதுர அடிக்கு அரைக் கிலோ. எல்லாம் சேர்ந்து கால் டன். இந்தச் சுவர் எதைத் தாங்கும்னு நீங்களே சொல்லுங்க."

சுவரை விட்டுவிட்டுத் தூண் நிறுத்திக் கான்கிரீட் போடலாமே என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் நம் காட்டு வெடிப்பில் கை முழங்கை வரை போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? மேல் மண்ணில் உட்கார்ந்த அஸ்திவாரம் வருஷா வருஷம் ஏறி இறங்கும், மேலே கனமும் விறைப்புமாக இருக்கும் கான்கிரீட் அந்த ஆட்டத்தில் விரிசல் விடும். இந்த மண்ணுக்கென்றே ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குடை மாதிரி அகலும் ஒரு கான்கிரீட் தூணை வகுத்துக் கொடுத்திருக்கிறது, அண்டர் ரீம்டு பைல் என்பார்கள். அதைப் போட்டுப் புது வீடே கட்டிவிடலாம். ஆனால் அது எங்கள் மூன்று பேர் கைக்கும் எட்டாத செலவு. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் கொடுக்கிறார்களே என்று ஊரில் ஒருவர் சொன்னார். அது குடிசையில் இருப்பவர்களுக்கு, எங்கள் வீடு ஓட்டு வீடு.

பழையபடி ஓடே போடலாமா என்றும் பார்த்தோம். எனக்கு அதில்தான் ஆசை. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். அந்த ஓடுதான் பிறகு ரயிலேறி நம் கரிசல் வரைக்கும் வந்தது. வெயிலில் சூடான காற்றை இடுக்கு வழியே வெளியே விடும், ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றலாம். ஆனால் பனங்கையெல்லாம் கரையான் தின்று உளுத்துப் போயிருந்தது. அதற்கு மரம் வாங்கும் விலை, ஓடு மேயத் தெரிந்த ஆள் கிடைப்பது, எல்லாவற்றுக்கும் மேலே மயில். வருஷா வருஷம் ஏறிப் பார்க்க ஆள் வேண்டும். எனக்கு அப்போது 71. ஏணியைப் பிடிக்கத்தான் ஆவேன்.

ஊரில் ஒருவர் சிமெண்ட் சீட் போடச் சொன்னார். அதாவது ஆஸ்பெஸ்டாஸ். விலை குறைவு, துரு பிடிக்காது, நம் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகைகளில் பாதி அதுதான். எங்கள் வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்திலும் 80-களில் போட்ட நாலு சீட் இருந்தது. இதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சீட்டில் சிமெண்டோடு கலந்திருக்கும் கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத தூசியாகி நுரையீரலில் தங்கினால் வருஷங்கள் கழித்துப் புற்றுநோயாக முளைக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. கல்நார்த் தொழிலாளர்களுக்காக நம் உச்ச நீதிமன்றமே 1995 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. இருந்தும் நம் நாட்டில் இறக்குமதி செய்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீட்டில் பழைய சீட் இருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. உடையாமல் சும்மா இருக்கும் சீட்டால் பெரிய தொல்லை இல்லை. அறுப்பதும், துளை போடுவதும், உடைப்பதும், தேய்த்துக் கழுவுவதும்தான் ஆபத்து. நாங்கள் அந்த நாலு சீட்டையும் தண்ணீர் ஊற்றி நனைத்து, வாய் மூக்கை மூடிக்கொண்டு, கொக்கி போல்ட்டை மட்டும் அறுத்து முழுசாக இறக்கினோம். இன்னொன்று, யாரும் அதன் மேல் கால் வைக்காதீர்கள். பழைய சீட்டில் ஏறி உடைந்து விழுந்து செத்தவர்கள் ஏராளம். பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். உடைந்த துண்டுகளைப் பாதையில் பள்ளம் நிரப்பவும் போடக் கூடாது.

ஆக மிஞ்சியது தகரம். அங்கேதான் அக்கா முட்டுக்கட்டை போட்டாள். "அப்பா கட்டுன ஓட்டு வீட்டைத் தகரக் கொட்டகை ஆக்கப் போறியாக்கும்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர்ப் பேச்சில் தகரத்துக்கு என்றைக்குமே மதிப்பில்லை. எங்கள் தெருவில் கண்டிச்சீமையிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பம் இருந்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானதே, அப்படித் திரும்பி வந்தவர்கள். அந்த வீட்டு ஆச்சி தேயிலைத் தோட்டத்து லயத்தைப் பற்றிச் சொல்லும். ஒரே வரிசையில் அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, மேலே தகரம். மழை பெய்தால் பேசுவது கேட்காது, வெயிலடித்தால் உள்ளே இருக்க முடியாது. சின்ன வயசில் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் அக்கா. அவளுக்குத் தகரம் என்றால் லயம்.

அவளிடம் நான் வாதாடவில்லை. கயத்தாற்றுப் பக்கம் சொந்தக்காரர் ஒருவர் புதுத் தகரம் போட்ட வீட்டுக்குக் கூட்டிப் போனேன். உச்சி வெயிலில் அரை மணி நேரம் உட்கார வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், "காத்து வருது. ஆனா ஓட்டு வீடு மாதிரி இல்ல" என்றாள். அது பாதிச் சம்மதம்.

அந்தக் காலத்துத் தகரத்துக்கும் இப்போதைய தகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்புத் தகட்டை அலை அலையாக மடித்தால் விறைப்பு வரும் என்று கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி பால்மர் என்ற ஆங்கிலேயர், 1829-ல். அது துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கினார்கள். லயத்துத் தகரம் அந்த ஜாதி. 1972-ல் அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி துத்தநாகத்தோடு அலுமினியத்தைக் கலந்து பூசிய தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். வெறும் துத்தநாகத்தை விடப் பல மடங்கு காலம் தாக்குப் பிடிக்கும். இன்றைக்குக் கடையில் கலர் சீட் என்று விற்பதில் நல்ல ரகம் இந்தப் பூச்சின் மேல் பெயிண்ட் அடித்ததுதான். நம் கோவில்பட்டி கடலிலிருந்து தள்ளி இருப்பதும் ஒரு நன்மை. தூத்துக்குடி, திருச்செந்தூர் உப்புக் காற்றில் இதே தகரம் சீக்கிரம் அரிக்கும்.

கடைக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். 0.5 மி.மீ. என்று சொன்னால், அது பூச்சும் பெயிண்டும் சேர்ந்த மொத்தத் தடிமனா, உள்ளே இருக்கும் இரும்பின் தடிமனா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. அடுத்து, பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். 150 கிராம் என்றால் நல்லது. இரண்டுமே தகரத்தின் அடிப்பக்கத்தில் அச்சடித்திருக்கும், அல்லது கம்பெனிச் சீட்டில் இருக்கும். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

நம் பக்கத்தில் தகரத்துக்கு மழையைவிடப் பெரிய சோதனை காற்று. வைகாசி முதல் ஆவணி வரைக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கயத்தாற்றில் காற்றாலைகள் நிற்பதும், மத்திய அரசு காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையத்தை அங்கே வைத்திருப்பதும் சும்மா அல்ல. காற்று தகரத்தை அழுத்துவதை விட மேலே உறிஞ்சித் தூக்கத்தான் பார்க்கும், அதிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் இழுப்பு அதிகம். கால் டன் கூரைக்கு அதுதான் பலவீனம். கனமில்லாததைப் பூமியோடு கட்டி வைக்க வேண்டும்.

ஆகவே சம்பந்தி சொன்னபடி பழைய சுவரில் எதையும் ஏற்றவில்லை. சுவருக்கு வெளியே எட்டு இரும்புக் குழாய்த் தூண். ஒவ்வொன்றுக்கும் கரிசலைத் தாண்டிச் சுக்கான் தட்டும் வரை குழி தோண்டிக் கான்கிரீட் போட்டோம். ஆறடியில் சுக்கான் வந்தது. கூரை தூணில் நிற்கிறது, சுவர் சும்மா மறைப்பாக நிற்கிறது. மண் ஏறி இறங்கினாலும் கூரைக்கு ஒன்றும் இல்லை. ஓரங்களில் ஸ்க்ரூவை இரட்டிப்பாக அடித்தார்கள். ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது, தளர்வாகவும் விடக் கூடாது என்று அந்த வெல்டர் தம்பி தன் பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. முகட்டிலிருந்து ஓரம் வரை ஒரே நீளத் தகரம், பத்தரை அடி. நடுவில் ஒட்டு இல்லை. ஓரம் சுவரைத் தாண்டி இரண்டடி நீண்டிருக்கிறது. மண்சுவரைக் காப்பது இந்த இரண்டடிதான். தகரத்தை அறுத்த தூள் மேலே கிடந்தால் மறுநாளே துருப் புள்ளி விழும் என்பதால் தினமும் சாயந்திரம் கூட்டி இறக்கினார்கள்.

சூட்டுக்கு மூன்று ஏற்பாடு. தகரத்துக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் விரித்தோம். முக்கோணமாக ஏறும் இரண்டு பக்கச் சுவர்களிலும் உச்சியில் வலை போட்ட திறப்பு விட்டோம், சூடான காற்று அந்த வழியே போய்விடும். மூன்றாவது நிறம். அக்கா செங்கல் நிறம் கேட்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓடு மாதிரி தெரியும் என்று அவள் கணக்கு. வெள்ளைதான் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்றேன் நான். "வெள்ளையா இருந்தா மில்லு கொட்டகை மாதிரி இருக்கும்யா" என்றாள். இரண்டு நாள் இழுபறி. கடைசியில் வீட்டுக்கு வெள்ளைத் தகரம், முன் திண்ணைக்கு மட்டும் பழைய ஓடு என்று முடிவாயிற்று. இறக்கிய ஓடுகளில் நல்லதாக நூற்றைம்பது ஓட்டை அவளே பொறுக்கினாள். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் அடுக்கினாள். தெருவிலிருந்து பார்த்தால் இன்றைக்கும் அது ஓட்டு வீடுதான்.

அவளை முழுசாகச் சம்மதிக்க வைத்தது தண்ணீர். நம் கரிசல் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் பருப்பு வேகாது, வெந்தாலும் ருசிக்காது. பின்பக்கச் சரிவின் ஓரத்தில் தகர வாய்க்கால் வைத்து, ஒரு பைப் இறக்கி, ஆயிரம் லிட்டர் தொட்டியில் விட்டோம். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு இருநூறு லிட்டர் கிடைக்கும். முதல் மழையைத் தூசியோடு வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். 2003-ல் அரசாங்கம் மழைநீர்த் தொட்டியைக் கட்டாயமாக்கியபோது பெயருக்குக் குழி வெட்டியவர்கள்தான் நம்மில் அதிகம். சமையலுக்கே ஆகும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. பொது வீட்டில் ஒருவர் கூரை போட்டால், நாளைக்கு அவர் "நான்தானே செலவு பண்ணினேன்" என்று வீட்டையே கேட்பார் என்ற பயம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அதனாலேயே பல வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருக்கிறது. யார் போடுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே மூன்று மழை போய்விடும். நாங்கள் மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். அக்கா இருக்கும் வரை வீட்டை விற்பதில்லை. கூரைச் செலவுக்காக யாரும் கூடுதல் பங்கு கேட்பதில்லை. என்றைக்காவது விற்றால், போட்ட பணத்தை முதலில் அவரவர்க்குக் கொடுத்துவிட்டு மீதியை மூன்றாகப் பிரிப்பது. பெண் பிள்ளைக்கும் சம பங்கு என்பது சட்டம், அதையும் தெளிவாக எழுதினோம். பிறகு வக்கீலிடம் காட்டி முறைப்படி ஆக்கினோம். எழுதி முடித்த அன்றைக்கு ராத்திரியே தம்பி தன் மூன்றில் ஒரு பங்கை அனுப்பிவிட்டான். அவனுக்கும் அந்தத் தாள்தான் தேவையாக இருந்திருக்கிறது.

2024 புரட்டாசியில் வேலை ஆரம்பித்தது. தூண் குழிக்கும் கான்கிரீட் இறுகுவதற்கும் பத்து நாள், கூரைக்கு ஐந்து நாள். ஐப்பசி முதல் வாரத்தில் முடிந்தது.

அந்த டிசம்பர் 12, 13 தேதிகளில் மறுபடியும் நம் பக்கத்தில் பேய் மழை. இந்தத் தடவை நான் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டேன். ராத்திரி மழை இறங்கியதும் சத்தம் வந்தது. மெத்தை வீட்டில் இருந்து பழகிய எனக்குக் காதை அடைத்தது. ஃபோம் இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் ஒழுகவில்லை. அக்கா படுத்தபடியே கண்ணைத் திறந்திருந்தாள். "சத்தமா இருக்கா?" என்று கேட்டேன். அவளுக்கு இடது காது சில வருஷமாகவே மந்தம். "மழை பேயிறது எனக்கு இப்பத்தான்யா நல்லாக் கேக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். காலையில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

கோடையைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் உள்ளே ஓட்டு வீட்டை விடச் சூடு அதிகம்தான். அந்த நேரத்தில் அக்கா திண்ணைக்கு வந்துவிடுகிறாள், அங்கே ஓடு. ஆனால் பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் தகரம் ஆறிவிடும். கான்கிரீட் வீட்டில் பகல் வெயிலை ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கூரை திருப்பித் தந்துகொண்டிருக்கும், கோவில்பட்டியில் அதை நான் வருஷா வருஷம் அனுபவிக்கிறேன். ராத்திரித் தூக்கத்துக்கு அக்கா வீடுதான் தேவலை.

இந்த வருஷம் ஆடிக் காற்று அடங்கியதும் வெல்டர் தம்பியை ஏறிப் பார்க்கச் சொன்னேன். நாலு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டான். வாய்க்காலில் வேப்பஞ்சருகு அடைத்திருந்தது, அள்ளிப் போட்டான். அரை மணி நேர வேலை. மயில் வழக்கம்போல் வருகிறது. தகரத்தில் கால் வழுக்கிச் சறுக்குவதைப் பார்க்க எதிர் வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்கின்றன.

தகரம்தான் எல்லார் வீட்டுக்கும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் சட்டம் நல்ல தேக்காக இருந்தால், மேயத் தெரிந்த ஆள் கிடைத்தால், ஓட்டையே பழுது பாருங்கள். சுவரும் அஸ்திவாரமும் தாங்கும் என்று விஷயம் தெரிந்தவர் சொன்னால் கான்கிரீட் போடுங்கள். ஆனால் ஊரில் அம்மாவோ அக்காவோ சித்தியோ பழைய கூரைக்குக் கீழே தனியாக இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒழுகல, நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குள் போய் ஒரு நிமிஷம் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். எத்தனை இடத்தில் வெளிச்சம் தெரிகிறதோ அத்தனை இடத்தில் மழையும் இறங்கும். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.